நோய் தீர்க்கும் கை நோய் தரலாகாது



‘சுத்தம் சோறு போடும்’ என்னும் பழமொழியை அறியாத தமிழ்ப்பிள்ளை இல்லை. உண்ணுமுன் கை கழுவு, கழிவறை சென்று வந்தபின் கை கழுவு என்று வீட்டிலே தாயும் பள்ளியிலே ஆசிரியரும் நாள்தோறும் கூறிவருகின்றனர். இவ்வறிவுரை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. உயிரைக் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ள மருத்துவர், தாதியர், மருத்துவமனை உதவியாளர் ஆகியோருக்கே இது முதன்மையாக உரியது. அவர்தம் கைகளின் தூய்மையைப் பற்றியதே இக்கட்டுரை.

“அது மருத்துவர்கள் படிக்கவேண்டிய செய்தியன்றோ? பால்மரம் வெட்டும் நமக்கும், செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் நமக்கும் அதனால் ஆவதென்ன?” என்று எண்ண வேண்டா. மூன்று காரணங்களால் இது நமக்கும் உரிய செய்தியாகும். முதலாவது, பிள்ளைப்பேற்றுக்கோ, விபத்தில் பட்ட காயத்திற்கோ, முதுமையின் பிணிக்கோ மருத்துவமனைக் கட்டிலை நாடாத குடும்பம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, நோயாளியைக் காணச் செல்லும் நம் கைகளும் அங்கே நோயைக் கொண்டுசெல்லக்கூடும். மூன்றாவது, இப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளுள் சிலர் நாளை தாதியராகவும் மருத்துவராகவும் விளங்கப்போகின்றனர். ஆதலின் இதனை அனைவரும் பொறுமையுடன் படித்தறிய வேண்டுகின்றேன்.

வியன்னா நகரின் இரு பிரிவுகள்

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. அந்நகரில் 1784ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய பொது மருத்துவமனை ஒன்று இருந்தது. அதில் ஏழைப் பெண்களுக்கான பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இயங்கின. 1840ஆம் ஆண்டு முதல், முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்று வந்தனர். ஒருநாள் வரும் பெண்களை ஒரு பிரிவிலும், மறுநாள் வருவோரை மற்றொரு பிரிவிலும் மாறிமாறிச் சேர்ப்பது வழக்கம்.

அக்காலத்தில் குழந்தை பெற்ற தாய்மார் பலரைக் கடுங்காய்ச்சல் ஒன்று பற்றிக்கொள்ளும். வயிறு வீங்கும், வலி பொறுக்க இயலாது, சில நாள்களில் உயிர் பிரியும். அதனைப் பிரசவக் காய்ச்சல் என்பர். நம் பாட்டிமார் ‘பிரசவ சன்னி’ என்று பெயரிட்டு அஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று. பல வேளைகளில் தாயைத் தொடர்ந்து பச்சிளங்குழவியும் மாண்டுபோகும்.

1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் குழந்தை பெற்ற 4,010 பெண்களுள் 459 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 பேருள் 105 பேர் இறந்தனர். மாணவர்களே, இதனை நூற்றுவீதக் கணக்காகச் செய்து பாருங்கள். முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஒரே மருத்துவமனை, ஒரே ஊர். ஆயினும் மாணவர்கள் பயிலும் பிரிவில் சாவு நான்கு மடங்கு!

இவ்வேறுபாட்டை அறிந்த ஏழைப் பெண்கள், முதற்பிரிவுக்கு அனுப்பப்பட்டால், இரண்டாம் பிரிவில் சேர்க்குமாறு மண்டியிட்டுக் கதறினர். எழுத்தறியாத அப்பெண்கள் கண்டுகொண்ட உண்மையைக் கற்றறிந்த பேராசிரியர்கள் பொருட்படுத்தவில்லை. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று கூறி அமைதியடைந்தனர்.

எண்கள் சொன்ன உண்மை

1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் என்னும் இளைஞர். ஹங்கேரி நாட்டின் புடா நகரில் 1818ஆம் ஆண்டில் பிறந்தவர். தாய்மாரின் சாவு அவரை உறங்கவிடவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

கெட்ட காற்று காரணமாயின், ஒரே கூரையின்கீழ் உள்ள இரு பிரிவையும் அது ஒன்றுபோல் தாக்கவேண்டுமன்றோ? நெரிசல் காரணமாயின், பெண்கள் அஞ்சி ஓடிச்சேர்ந்த இரண்டாம் பிரிவிலன்றோ நெரிசல் மிகுதி? மரிப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்யவரும் பாதிரியாரின் மணியோசை கேட்டு அச்சத்தால் நோயுறுகின்றனரோ என எண்ணி, அவரை மணியோசையின்றி வேறு வழியாக வரச்செய்தார். பயனில்லை. மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே குழந்தை பெற்றுவிட்ட பெண்களுக்குக்கூட இந்நோய் அரிதாகவே வந்தது. அஃதாவது, மருத்துவ மாணவர்களின் கை படாதவர்களே பிழைத்தனர்!

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு துயர நிகழ்ச்சி நேர்ந்தது. செம்மெல்வைசின் நண்பரும் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ச்கா என்பார் பிணத்தை அறுத்து ஆராயும்போது, உடனிருந்த மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அச்சிறு காயத்தால் காய்ச்சல் கண்டு அவர் இறந்தார். அவரது உடலில் காணப்பட்ட கேடுகள் பிரசவக் காய்ச்சலால் மாண்ட தாய்மாரின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன.

செம்மெல்வைசுக்கு உண்மை விளங்கிவிட்டது. மருத்துவ மாணவர்கள் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பயில்கின்றனர். பின்னர் அதே கைகளுடன் வந்து பெண்களைப் பரிசோதிக்கின்றனர். சவர்க்காரம் இட்டுக் கழுவியபின்னும் கையில் பிண வாடை நீங்குவதில்லை. வாடை நீங்கவில்லையெனில், பிணத்தின் நச்சுப்பொருளும் நீங்கவில்லை என்றே பொருள். மருத்துவச்சிகளோ பிணவறைக்குச் செல்வதில்லை. ஆதலின் அவர்தம் பிரிவில் சாவு குறைவு.

1847ஆம் ஆண்டு மே மாத நடுவில், பரிசோதனைக்கு முன் யாவரும் குளோரின் நீரில் கைகளைக் கழுவியாகவேண்டும் எனக் கட்டளையிட்டு, வாயிலிலேயே அதற்கான பாத்திரத்தை வைத்தார். சில காலத்திற்குப்பின் விலை குறைந்த குளோரின் சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். இன்று கிணற்று நீரைத் தூய்மைப்படுத்த இடும் சலவைத்தூளின் இனமே அது.

விளைவு யாது? அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்த சாவு, சூன் மாதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவராகக் குறைந்தது. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 தாய்மாருள் இறந்தோர் 45 பேரே. அவ்வாண்டில் ஒருவர்கூட இறவாத மாதங்களும் இரண்டு உண்டு.

ஆயினும் இடையில் மற்றொரு பாடமும் கிடைத்தது. 1847ஆம் ஆண்டு அக்டோபரில், சீழ் வடியும் கருப்பைப் புற்றுநோயுடைய ஒரு பெண் முதற்கட்டிலில் கிடந்தார். அவரை முதலிற் பரிசோதித்த மருத்துவர்கள், சவர்க்காரத்தால் மட்டும் கை கழுவிவிட்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். பன்னிரண்டு தாய்மாருள் பதினொருவர் மாண்டனர். நஞ்சு பிணத்திலிருந்து மட்டுமன்று, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் கைவழியே பரவும் என்பது புலனாயிற்று. வாயிலில் ஒருமுறை கழுவினால் போதாது; ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கழுவவேண்டும் என விதி செய்தார். இன்றைய மருத்துவமனை விதிக்கும் இதுவே அடிப்படை.

மாணவர்களே, “கணக்குப் பாடம் எதற்குப் பயன்?” என்று கேட்பதுண்டல்லவா? பிறப்பையும் இறப்பையும் பொறுமையாக எண்ணி ஒப்பிட்டுப் பார்த்த கணக்கே ஆயிரக்கணக்கான அன்னையரைக் காத்த வழியைக் காட்டியது.

உண்மையை ஏற்க மறுத்தோர்

இத்தகைய உண்மையை உலகம் உடனே ஏற்றிருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. “நாங்களா தாய்மாரைக் கொன்றோம்?” என்று மூத்த மருத்துவர் பலர் சினந்தனர். கற்றவரின் கை அழுக்காகாது என்னும் செருக்கு ஒருபுறம். தம் கையால் உயிர்கள் போயின என்பதை ஏற்கமாட்டாத மனம் ஒருபுறம். அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் 1843ஆம் ஆண்டிலேயே இக்காய்ச்சலை மருத்துவர்களே கொண்டுசெல்கின்றனர் என எழுதியபோதும் இதே எதிர்ப்புத்தான் கிளம்பியது.

செம்மெல்வைசிடமும் ஒரு குறை இருந்தது. தம் ஆய்வை உரிய காலத்தில் தெளிவாக எழுதி வெளியிடாமல் காலந்தாழ்த்தினார். அவரது நூல் வெளிவந்தது 1861ஆம் ஆண்டில்தான். மறுத்தோரைக் கடுஞ்சொற்களால் தாக்கிக் கடிதங்கள் எழுதினார்; அதனால் பகை வளர்ந்ததேயன்றிப் பயன் விளையவில்லை. 1850இல் வியன்னாவை விட்டு நீங்கித் தாயகம் திரும்பிய அவர், அங்கும் கைத்தூய்மையால் தாய்மாரைக் காத்தார். இறுதியில் மனநலம் குன்றி, 1865ஆம் ஆண்டு ஆகசுட்டு 13ஆம் நாள், தமது 47ஆம் வயதில், மனநோயாளர் விடுதியில் மறைந்தார். உடலில் ஏற்பட்ட புண் நஞ்சாகி, அது இரத்தத்தில் கலந்ததே சாவுக்குக் காரணம். எந்நோயை எதிர்த்துப் போராடினாரோ, அதன் இனத்தைச் சேர்ந்த நோயே அவரைக் கொண்டுசென்றது.

வியப்பு யாதெனில், அதற்கு முந்திய நாளில்தான் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், வண்டிச்சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் இட்டுக் கட்டினார். சீழ்ப்பிடிக்காமல் காயம் ஆறியது. 1879ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டறிஞர் லூயி பாஸ்டர், பிரசவக் காய்ச்சலை உண்டாக்கும் சங்கிலி வடிவக் கிருமியைச் சுட்டிக்காட்டினார். செம்மெல்வைஸ் கண்ணால் காணாது கணக்கால் கண்ட எதிரி அதுவே. இன்று ஹங்கேரித் தலைநகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கண்ணுக்குப் புலனாகாத பகை

நம் தோட்டத்துப் பெரியவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். பால்மரத்து மங்கைத் துடைக்காமல் விட்டால், அதில் ஒட்டிய பழம்பால் கெட்டு, மறுநாள் வடியும் புதுப்பாலையும் கட்டியாக்கிவிடும். வாளி கழுவப்படாவிடினும் அவ்வாறே. பழம்பாலில் பெருகிய கிருமிகளே இதற்குக் காரணம். புதுப்பால் தூய்மையானதுதான், அதனை ஏந்திய கலமே அதைக் கெடுத்தது. மருத்துவமனையில் அக்கலம் போன்றது மனிதனின் கை.

நம் தோலின்மேல் இருவகைக் கிருமிகள் வாழ்கின்றன. ஒருவகை தோலின் ஆழத்தில் நிலையாகக் குடியிருப்பவை. இவை பெரும்பாலும் தீங்கு செய்யா. மற்றொரு வகை, பிறரையும் பிறபொருள்களையும் தொடும்போது வந்து ஒட்டிக்கொள்பவை. நோயைப் பரப்புவன பெரும்பாலும் இவையே. மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் முறையாகக் கழுவினால் இவை எளிதில் நீங்கும். கழுவாவிடில் பல நிமிடங்கள் கையில் உயிரோடிருந்து அடுத்த மனிதரைச் சென்றடையும்.

நலமாக இருப்பவருக்கு அக்கிருமி ஒன்றும் செய்யாதிருக்கலாம். ஆனால் அறுவைக் காயம் உடையவர், நரம்பில் ஊசிக்குழாய் செருகப்பட்டவர், சிறுநீர்க்குழாய் பொருத்தப்பட்டவர், குறைமாதக் குழந்தை, நீரிழிவு நோயாளி, முதியவர் ஆகியோருக்கு அதுவே உயிருக்கு ஊறாகும். மேலும், மருத்துவமனைக் கிருமிகளுள் சில பல மருந்துகளுக்கும் அடங்காதவையாக மாறிவிட்டன. மருந்துக்கு அடங்காத கிருமியைப் பரவவிடாமல் தடுப்பதற்குக் கைத்தூய்மையே முதற்காவல்.

இது பழங்கதையன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நூறு நோயாளிகளுள், செல்வ நாடுகளில் 7 பேரும், நடுத்தர, குறைந்த வருவாயுடைய நாடுகளில் 15 பேரும், தாம் அங்கே தங்கியிருக்கும் காலத்தில் புதிதாக ஒரு தொற்றுநோயையேனும் பெறுகின்றனர். 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரைத் தாக்கிய ‘சார்ஸ்’ நோயால் 238 பேர் பீடிக்கப்பட்டு 33 பேர் உயிரிழந்தனர். நோயுற்றோருள் பத்தில் நால்வர் மருத்துவப் பணியாளர்கள். மருத்துவமனையில் நோய் பரவினால் நோயாளியோடு நோய் தீர்ப்பவரும் வீழ்வார் என்பதற்கு இது சான்று.

அறிந்தும் செய்யாதது ஏன்?

கிருமி உண்டு என்பதை இன்று எல்லா மருத்துவரும் அறிவர். அவ்வாறாயின் எல்லாரும் தவறாது கை கழுவுகின்றனரா? சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் இறுதியில் இதனை உற்றுநோக்கி எண்ணினர். கை கழுவவேண்டிய நூறு தருணங்களுள் 48இல் மட்டுமே கழுவினர். செல்வமும் கல்வியும் நிறைந்த நாட்டில் இந்நிலை!

இதற்குச் சோம்பலே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அங்கிருந்த பேராசிரியர் டிடியே பிட்டே என்பாரும் அவருடைய துணைவர்களும் வேறு காரணம் கண்டனர். மாணவர்களே, மீண்டும் ஒரு கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இருபது தடவை கை கழுவவேண்டி நேரலாம். தண்ணீர்க் குழாய்க்கு நடந்து சென்று, சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப ஒரு நிமிடமெனக் கொண்டால், இருபது நிமிடம் போய்விடும். மணியில் மூன்றிலொரு பங்கு! மிகுந்த வேலைப்பளுவுடையோர்க்கு இஃது இயலாத செயல்.

ஆகவே அவர்கள் ஆல்கஹால் கலந்த கைத்தூய்மியை ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் வைத்தனர். அதனைக் கையில் தேய்த்து உலரவிட இருபது முதல் முப்பது விநாடியே போதும். தண்ணீரும் வேண்டா, துண்டும் வேண்டா. சுவரொட்டிகளை ஒட்டினர், எத்துணைப் பேர் கடைப்பிடித்தனர் என்பதை எண்ணி அவர்களுக்கே அறிவித்தனர். 1997ஆம் ஆண்டில் 48 என்பது 66 ஆக உயர்ந்தது. மருத்துவமனையில் தொற்றுக்கு ஆளானோர் 1994இல் நூற்றுக்கு 16.9 பேராக இருந்து, 1998இல் 9.9 பேராகக் குறைந்தனர். அவ்வாய்விலும் தாதியரே முன்னேறினர். மருத்துவர்கள் பின்தங்கியே நின்றனர் என்பது நோக்கத்தக்கது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நற்செயலைச் செய்யுமாறு கடிந்துரைத்தால் மட்டும் போதாது. அதனைச் செய்வதற்கு எளிதாகவும் அமைத்துத் தருதல் வேண்டும். கழுவுதொட்டியில் தண்ணீர் வராத பள்ளியில் கைத்தூய்மையைப் பற்றி எத்துணை முழங்கினும் பயன் என்ன?

ஐந்து வேளைகள்

ஜெனீவாவில் கிடைத்த வெற்றியின்பின், உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் தூய சிகிச்சைக்கான உலக இயக்கத்தைத் தொடங்கியது. 2009ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 5ஆம் நாள் மருத்துவமனைக் கைத்தூய்மைக்குரிய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. கைக்கு ஐந்து விரல். கைத்தூய்மைக்கும் ஐந்து வேளை. மருத்துவப் பணியாளர் கைகளைத் தூய்மை செய்யவேண்டிய அவ்வேளைகளாவன:

1. நோயாளியைத் தொடுவதற்கு முன்.
2. ஊசி போடுதல், காயம் கட்டுதல், குழாய் செருகுதல் போன்ற தூய செயல்களுக்கு முன்.
3. இரத்தம், சளி, சிறுநீர் முதலிய உடல்நீர் கையில் படக்கூடிய செயலுக்குப் பின்.
4. நோயாளியைத் தொட்ட பின்.
5. நோயாளியைத் தொடாவிடினும், அவரது கட்டில், மேசை, படுக்கை விரிப்பு முதலியவற்றைத் தொட்ட பின்.

முதலிரண்டும் நோயாளியைக் காப்பன. பின்மூன்றும் பணியாளரையும் அடுத்த நோயாளியையும் காப்பன. கையுறை அணிந்தால் கழுவ வேண்டா என்று சிலர் கருதுவர். அது பிழை. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் கையில் அழுக்குப் படலாம். ஒரே கையுறையுடன் இரு நோயாளிகளைத் தொடுவதோ, கழுவாத கையினும் வேறன்று.

கை தூய்மை செய்யும் முறை

கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டே கழுவவேண்டும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை. அந்நோயாளிகளைத் தொட்டபின்னும் சவர்க்காரமே ஏற்றது. ஏனைய நேரங்களில் கைத்தூய்மி போதும்.

முறை வருமாறு: உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்த்தல், ஒவ்வொரு புறங்கையையும் மறு உள்ளங்கையால் விரலிடுக்குகளோடு தேய்த்தல், உள்ளங்கைகளைச் சேர்த்து விரலிடுக்குகளைத் தேய்த்தல், விரல்களை மடக்கி முதுகுப்புறத்தைத் தேய்த்தல், கட்டைவிரல்களைச் சுற்றித் தேய்த்தல், விரல்நுனிகளை உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்தல். கட்டைவிரலும் விரல்நுனியும் பெரும்பாலோர் மறந்துவிடும் இடங்கள். ஆயினும் நோயாளியின்மேல் முதலிற் படுவது விரல்நுனியே. நகத்தைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுதலும் வேண்டும்.

நனைத்தல் முதல் துடைத்தல் வரை சவர்க்காரக் கழுவலுக்கு நாற்பது முதல் அறுபது விநாடி ஆகும். சிறுபிள்ளைகள் கையைத் தேய்க்கும்போது உயிரெழுத்துப் பன்னிரண்டையும் நிதானமாக இரண்டு முறை சொல்லலாம். இருபது விநாடி தேய்த்ததாகிவிடும். கையும் தூய்மையாகும், தமிழும் நாவில் நிற்கும்!

நமது கடமை

மருத்துவமனைக்கு நோயாளியைக் காணச் செல்லுங்கால், அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கைகளைத் தூய்மை செய்துகொள்க. ஒரு வண்டி நிறைய உறவினர் சென்று கட்டிலைச் சூழ்ந்து நிற்றல் அன்பின் அடையாளமாகத் தோன்றினும் நோயாளிக்கு நலமன்று. அடுத்த நோயாளியின் கட்டிலில் அமர்தல், காயக்கட்டைத் தொட்டுப் பார்த்தல், ஊசிக்குழாயை அசைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். சளியும் காய்ச்சலும் உடையோர் வீட்டிலேயே இருந்து நலம் விசாரிக்கலாம். பிறந்த குழந்தையைக் காணச் செல்வோர், கை கழுவாமல் அதன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சலாகாது.

இனி, மிக இன்றியமையாத ஒன்று கூறுவேன். நம்மவர் மருத்துவரின் முன் கைகட்டி நிற்பர். கேட்கவேண்டியதையும் கேளாது திரும்புவர். “படித்தவரிடம் கேட்டால் கோபிப்பாரோ?” என்னும் அச்சமே காரணம். மருத்துவரை மதித்தல் நற்பண்பே. ஆயினும் மதிப்பு வேறு, அச்சம் வேறு. தாதி ஒருவர் கை தூய்மை செய்யாமல் காயத்தைத் தொட வந்தால், “மிஸ்ஸி, மன்னிக்கவும், கை சுத்தம் செய்துவிட்டீர்களா?” என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. நோயாளியும் குடும்பத்தாரும் அவ்வாறு கேட்கலாம் என்பதை உலகச் சுகாதார நிறுவனமே ஊக்குவிக்கின்றது. நல்ல தாதி அதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ளார், நினைவூட்டலாகவே கொள்வார். இரவுபகல் கண்விழித்து உழைக்கும் அவர்கட்கு வேலை மிகுதியால் மறதி நேர்தல் இயல்பு. வியன்னாவில் மண்டியிட்டு அழுத பெண்களின் குரலுக்குச் செவிசாய்க்க அன்று எவரும் இலர். இன்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதனைச் செம்மெல்வைசைப் போல் சினத்தோடன்றி, இன்சொல்லோடு பயன்படுத்துதலே அறிவுடைமை.

2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்று வந்தபோது வீட்டு வாயில், கடைவாயில், கோயில் வாயில் எங்கும் கைத்தூய்மி வைக்கப்பட்டது. அச்சம் தணிந்தபின் பல இடங்களில் அப்புட்டிகள் வற்றி வெறுமையாய் நின்றன. அச்சத்தால் வந்த பழக்கம் அச்சத்தோடு போய்விடும். அறிவால் வந்த பழக்கமே நிலைக்கும்.

ஆதலின் மாணவ மணிகளே! உங்களுள் நாளை வெள்ளுடை அணிந்து நோயாளியின் அருகே நிற்கப்போகும் செல்வங்களே! பட்டங்கள் பல பெறுக. உயர் பதவிகள் அடைக. எத்துணை உயர்ந்தாலும், “என் கை தூய்மையானதா?” என்னும் கேள்வியை ஒவ்வொரு கட்டிலின் முன்னும் உங்களையே கேட்டுக்கொள்க. ஏழைத் தொழிலாளியின் உடலைத் தொடுமுன்னும், செல்வரின் உடலைத் தொடுமுன்னும் ஒரே அளவில் கை கழுவுக. பெற்றோர்களே, அப்பழக்கத்திற்கான விதையை இன்றே உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில் ஊன்றுக.

தூய கை துயர் துடைக்கும். வாழ்க நலம்! வளர்க நம் பள்ளி!

— தலைமையாசிரியர்